வெறும் கேஸ்தான்

என் மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே சந்தேகிப்பது எப்படி என்று வகுப்பில் பேச வேண்டுமாம். வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என்னையே நோயாளியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள்.

"கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடுதா? வயிறு உப்புதா? அடிக்கடி யூரின் வருதா? புதுசாவா? தினமுமா?"

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அவளுக்கே தெரியாமல் என் அத்தையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவின் அக்கா. தொம்மலூரில் எங்களுக்கு அடுத்த வீடு. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அவள் ஒரு அதட்டுப் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பந்தியில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர் தன் அப்பளத்தைக் கையால் மூடிக்கொள்வது நல்லது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அத்திபெலேயில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வழியில் அத்தை திரும்பத் திரும்ப பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கி ஒதுங்கிவிட்டு வந்தாள். கண்டக்டர் கன்னடத்தில் புலம்பினார். அத்தை அதைவிட நல்ல கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

"இவளுக்கு மட்டும் மரத்துக்கு மரம் ஸ்டாப்பு" என்றார் மாமா. பஸ்ஸே சிரித்தது.

பந்தியில் நாலு வாய்க்கு மேல் அத்தைக்கு இறங்கவில்லை. நெய் வழிகிற ஒப்பட்டுப் போளி அவள் இலையிலிருந்து என் இலைக்கு வந்தது. "எனக்கு ரொம்பிடுச்சு கண்ணு, நீ துன்னு." அவளுக்குத் திடீரென்று என்மேல் பாசம் பெருகிவிட்டதாக நான் மகிழ்ந்துபோனேன். வயிறு உப்பி இடுப்பில் புடவை நிற்காமல் அவள் தவித்ததைப் பார்த்து, தின்ற உடம்பு என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

மறுவாரம் டாக்டரிடம் போனாள். துணைக்கு நான். அடிக்கடி ஒதுங்குவது, சாப்பாடு இறங்காதது என்று குழாயடியில் என் அம்மாவின் காதில் சொன்னது எதையும் அவரிடம் சொல்லவில்லை. ஆம்பளை டாக்டர். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்பதோடு அந்த வாய் மூடிக்கொண்டது. அவரும் மேலே கேட்கவில்லை, வெளியே கூட்டம். நல்ல மனுஷர்தான், எனக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுத்தார்.

"வெறும் கேஸ்தாம்மா, வாய்வு. சாப்பாட்டைக் குறைங்க."

"அவ்ளோதானா டாக்டர்?"

"அவ்ளோதான்."

பல மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு வேறு பெயர் சொன்னார்கள். அதற்குள் வயிறெங்கும் பரவியிருந்தது. அடுத்த வருஷம் அத்தை இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் கையிலிருந்த குறிப்பைக் கீழே வைத்தாள். "ஆரம்பத்துல இது யாரையும் ஏமாத்திடும்ப்பா. அப்பவே கேட்டிருந்தாலும் பிழைச்சிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா கேட்டிருக்கணும்."

"நீ கேளும்மா. உன்கூடப் படிக்கிற பிள்ளைங்களையும் கேக்கச் சொல்லு. பொம்பளைங்க அவங்களா சொல்ல மாட்டாங்க."

அன்று கிளினிக் படியிறங்கியதும் அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் "ஒண்ணும் இல்லியாம், கேஸாம்!" என்றாள். நானும் அதையே கத்திக்கொண்டு வீடுவரை முன்னால் ஓடினேன். அத்தனை நாளும் அவள் எதற்குப் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேஸ் என்றால் ஏதோ நல்ல சேதி என்றே நினைத்துக்கொண்டேன்.