போனைப் பூட்டி வைக்கும் இடம்

அவசர உதவி மையத்தில் அவளுக்கு ‘ஐஸ்கட்டி’ என்று பெயர். எதிர்முனையில் யார் அலறினாலும் அவள் குரல் ஒரு இழைகூடப் பிசகாது. “பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன். எந்தத் தெரு, சொல்லுங்க” என்பாள். பக்கத்து நாற்காலிக்காரி, “உனக்கு ரத்தம் ஓடுதா, ஐஸ்வாட்டர் ஓடுதா?” என்று கேலி செய்வாள்.

வீட்டில் அவளைப் பார்த்தால் அந்தப் பெயர் வைத்தவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள். அழைப்பு மணி அடித்தால் கையிலிருக்கும் தட்டு நழுவும். படிக்கட்டு இறங்கிய பிறகு, கேஸை அணைத்தோமா என்று திரும்ப ஏறுவாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர சற்றுத் தாமதமானாலும் அவள் மனசு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிடும்.

இந்தப் பயம் முற்றிப்போனது ஒரு பெரியவரின் அழைப்புக்குப் பிறகு. அவர் மனைவி சமையலறையில் விழுந்து கிடந்தார். நெஞ்சில் எங்கே, எப்படி அழுத்த வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அழுதுகொண்டே அழுத்தினார். ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்ததும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்த அம்மா பிழைத்தாரா? கேட்கக் கூடாது என்பது மையத்தின் விதி. அவளும் கேட்கவில்லை. ஆனால் பாத்திரம் துலக்கும்போது, தலை வாரும்போது, அந்தப் பெரியவரின் மூச்சிரைப்பு காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளுக்கு வார விடுமுறையான ஒரு புதன்கிழமை கடைவீதிக்குப் போனவள் மழைக்கு ஒரு பழைய மாளிகைக்குள் ஒதுங்கினாள். அது அருங்காட்சியகம். இத்தனை வருடம் பஸ் ஜன்னல் வழியே மட்டும் பார்த்த கட்டடம். வாசலில் லாக்கர் சாவிகளோடு உட்கார்ந்திருந்த காவலாளி கையை நீட்டினார்.

“போனை வச்சிட்டுப் போங்கம்மா.”

“அய்யய்யோ, அதெல்லாம் முடியாதுங்க. ஸ்கூல்லேருந்து கூப்பிட்டா?”

“உள்ளே அனுமதி இல்லம்மா. வேணும்னா இங்கேயே நில்லுங்க.”

சாரல் முகத்தில் அடித்தது. வேறு வழியில்லாமல் கொடுத்தாள். உள்ளே நடந்தபோது ஒரு கையை வீட்டில் விட்டுவிட்டு வந்தது போலிருந்தது.

மண்பாண்டக் கூடத்தில் ஆளே இல்லை. ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த பானைகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருந்தன. ஒரு பானையின் வாய்விளிம்பில், ஈரக் களிமண்ணில் யாரோ அழுத்திய விரல் தடங்கள் அப்படியே பதிந்திருந்தன. சின்ன விரல்கள். பெண்ணாக இருக்கலாம். அவளுக்கு என்ன ஆயிற்று? குழந்தைகள் பெற்றாளா, நோயில் போனாளா, நல்லபடியாக வாழ்ந்தாளா? பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தாள். அதிலும் இல்லை. யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஊர் உலகம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவள் தன் விரல்களைக் கண்ணாடிமேல் வைத்து நின்றாள். மழை விட்டது தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் வீட்டில் சொல்லாமலே போக ஆரம்பித்தாள். பழைய கோட்டை மதில், கைவிடப்பட்ட நீதிமன்றம், கடலைப் பார்த்து நிற்கும் காவல்கோபுரம் என்று ஒவ்வொன்றாகப் போனாள். கடைசியில் கால்கள் மண்பாண்டக் கூடத்துக்கே வந்து நிற்கும். பயம் போய்விடவில்லை. வாசலில் போனைக் கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் திரையை இரண்டு தடவை பார்ப்பாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு சீராகும்.

அவள் எதற்குப் பயந்தாளோ அதுவும் ஒருநாள் நடந்தது. வெளியே வந்து போனை வாங்கிப் பார்த்தால் திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். பள்ளிக்கூடம், கணவன், மறுபடி பள்ளிக்கூடம். ஊருக்கெல்லாம் ‘பதறாதீங்க’ என்று சொன்னவளுக்குத் தன் கணவனின் எண்ணைத் தொட விரல் வரவில்லை. திரையில் அங்குமிங்கும் வழுக்கியது. காவலாளி எழுந்து வந்தார்.

“குடுங்கம்மா. யாரைக் கூப்பிடணும்?”

“அவரை… என் வீட்டுக்காரரை.”

அவரே அழைத்து அவள் காதில் வைத்தார்.

“எங்கேதான் போனே நீ?” கணவனின் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. “ஒண்ணுமில்ல, பயப்படாதே. ஊஞ்சல்லேருந்து விழுந்துட்டா. மணிக்கட்டுல லேசான விரிசல். கட்டுப் போட்டாச்சு. மெதுவா வா.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் மகள் கட்டுப் போட்ட கையை மெடல் மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடிவந்திருந்தான். சட்டைப்பையில் கண்ணாடி ஆணி முடுக்கும் சின்னத் திருப்புளிகள் அப்படியே இருந்தன.

“மியூசியத்துக்குப் போயிருந்தேன்” என்றாள். “அங்கே போனை வாங்கி வச்சுக்குவாங்க. ரொம்ப நாளாப் போறேன். சொல்லல.”

“மியூசியமா?” அவன் அவளையே பார்த்தான். “உன்னைக் காணோம்னு நான் என்னென்னவோ நினைச்சேன். கடைசியில உன் ஆபீசுக்கே அடிச்சுட்டேன். எடுத்தவ என்கிட்டயே ‘பதறாதீங்க சார்’ங்கறா.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “இனிமே போகமாட்டேங்க.”

“ஏன் போகக் கூடாது? நீ இல்லாதப்போ நாங்க என்ன செத்தா போயிட்டோம்? டாக்டர்கிட்ட போனோம், கட்டுப் போட்டோம், உக்காந்திருக்கோம். போறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. அவ்வளவுதான்.”

“அம்மா, எனக்கு ஐஸ்கிரீம்” என்றாள் மகள்.

அடுத்த விடுமுறைக்கு முன்பே பள்ளிக்கூடத்தில் கணவனின் எண்ணை முதலாவதாக மாற்றிக் கொடுத்தாள். அப்படியும், சாப்பாட்டு மேசையில் “இந்த வாரம் மியூசியம் போறியா?” என்று அவன் கேட்டபோது, “பாக்கலாம்” என்றாள். புறப்பட்டவள் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருமுறை திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

அன்றைக்குச் சிற்பக் கூடத்தில், தலையில்லாத ஒரு கற்சிலைக்கு எதிரே மர பெஞ்சில் உட்கார்ந்தாள். எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக் கட்டிலில்கூட அவள் அப்படித் தூங்கி மாதக்கணக்காயிற்று.

யாரோ மெல்ல பெஞ்சைத் தட்டினார்கள். திடுக்கிட்டு எழுந்தவளின் கை போனைத் தேடித் துழாவியது. எதிரே காவலாளி.

“யாராவது கூப்பிட்டாங்களா?”

“யாரும் கூப்பிடலம்மா. மூடற நேரமாயிடுச்சு. நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க, அதான் கடைசியா எழுப்பலாம்னு விட்டுட்டேன்.”