ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிய உலகமயமாக்கல்

கூலிக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் போதாது, எஸ்டேட்டுக்காரருக்கு வாயாகவும் இருக்க வேண்டும். ராயப்பன்பட்டியில் விடியுமுன் பெண்களை ஏற்றி, கம்பம்மெட்டு மலையேறி, கேரளத்து வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்குவது என் பிழைப்பு. நாளைக்கு எத்தனை பேர் வேண்டுமென்று மேனேஜர் எனக்குத்தான் போன் செய்வார். வேண்டாதவர்களிடம் வேண்டாமென்று சொல்வதும் நான்தான். அடுத்தவர் எடுத்த முடிவைத் தன் வாயால் சொல்லி ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

சொல் வந்த நாள்

ஒரு சாயங்காலம் மேனேஜர் குரலை இறக்கிப் பேசினார். குவாதமாலா என்று ஒரு தேசமாம். அங்கேயும் ஏலக்காய் விளைகிறதாம். அரபு நாடுகளில் அந்தக் காய் மலிவாக இறங்கியதால் நம் காயைச் சீந்த ஆளில்லையாம். அதனால் ஆளைக் குறைக்க வேண்டுமாம். எனக்கோ ஜீப்பில் யாரைக் குறைப்பது என்பதுதான் கவலை.

என் ஜீப்பில் வேலைக்கு வரும் செசிலி அக்கா வீட்டில் அவர் கூலியில்தான் அடுப்பெரிகிறது. கணவர் படுத்த படுக்கை. குவைத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போன மகனுக்கு இன்னும் சம்பளம் சரியாக வரவில்லை. அவரைப் போய் எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். மேனேஜர் மலையாளம் கலந்து சொன்னார்: "நான் எந்து செய்யும் டிரைவரே? எல்லாம் குளோபலைசேஷனாணு. நாளைக்குப் பாதி ஆளு போதும்."

விலை ஏறியபோது

ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நானே முறை வைத்தேன். அடுத்த வருஷம் விலை எகிறியது, ஜீப் நிறைந்தது. கூலியைக் கூட்டித் தரச் சொல்லி, ஜீப்பில் வருகிறவர்களில் ஒருவரான பேச்சியம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார். விலை எப்போது வேண்டுமானாலும் இறங்கும் என்று அனுப்பிவிட்டார் அவர். இறங்கும்போது உலகமயமாக்கல் என்றவர் வாயில், ஏறும்போது அந்தச் சொல் வரவே இல்லை.

திரும்பும் வழியில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று பேச்சியம்மா கேட்டார். உலகமே ஒரே சந்தையாவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் விடவில்லை: "சந்தைன்னா விக்கிறவதான வெல சொல்லணும்? நம்ம கூலிய நாம என்னைக்குச் சொன்னோம்?"

தேனி ஸ்டேஷனில் ஏறியவர்கள்

மேனேஜர் சொன்னபடி தேனி ஸ்டேஷனுக்குப் போய், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களை ஏற்றினேன். தோட்டத்து லயன் வீடுகளிலேயே தங்கி வேலை செய்யப் போகிறவர்கள். யாருக்குப் பதிலாக வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஓட்டினேன்.

மறுநாள் தோட்டத்தில் அவர்களைக் கண்டதும் பேச்சியம்மா வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒன்றும் புரியாமல் விழித்த ஒரு பெண்ணுக்குச் செசிலி அக்கா தன் தூக்குச்சட்டியைத் திறந்து சோறு கொடுத்தார். எனக்கே ஆத்திரம் வந்துவிட்டது. உங்கள் வேலையைப் பறிக்க வந்தவளுக்கா சோறு என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "எம் மகன் குவைத்துல போயி எறங்குனப்ப அங்கனயும் யாராச்சும் இப்பிடி ஏசிருப்பாக. இவளும் ஒருத்தி பெத்த புள்ளதான, தம்பி."

கடைசி போன்

திங்கட்கிழமை முதல் ஜீப் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மற்றவர்களிடம் அவரவரை இறக்கிவிடும்போது சொன்னேன். செசிலி அக்காவிடம் மட்டும் அப்போது சொல்லாமல், சாயங்காலம் வீட்டுக்கே போனேன். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே படுத்திருந்த கணவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்: "ஒலகம் சுருங்கிப் போச்சுங்கிறாக. எனக்கு இந்தா இருக்கிற வண்டன்மேடு தூரமாப் போயிருச்சே, தம்பி."

இப்போது சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போய் அதே தோட்டத்தைக் காட்டுகிறேன்; காய் எடுக்கிற ஜார்க்கண்டுப் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வண்டியில் வந்தவர்கள் கேட்டால், எனக்கு அந்தப் பாஷை தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.