பரஸ்கீவாவின் கண்

மேல்கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே நர்ஸ் பரஸ்கீவா கிராம ஆஸ்பத்திரியின் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் முன் குனிந்துவிடுவார். "நாலு டிகிரி. நல்ல புள்ள!" என்று அதைத் தட்டிக்கொடுத்த பிறகுதான் டாக்டருக்கு வணக்கம். பனிக்காலத்தில் ஒருமுறை மின்சாரம் போனபோது, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டர் ஏறி, ஸிரெத் ஆற்றைத் தாண்டி நகரம்வரை போனவர். கணவருக்கு உடம்பு முடியாதபோதுகூட அவர் இப்படிப் பதறவில்லை என்று ஊர் சொல்லும். அவரும் மறுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை குழந்தைகளின் நாள். பெஞ்சு நிறையத் தாய்மார்கள், ஒவ்வொருத்தி பையிலும் அவருக்கென்று நாலு முட்டையோ ஒரு பாட்டில் பிளம் ஜாமோ இருக்கும். முப்பத்தொரு வருடமாக அந்த ருமேனியக் கிராமத்தில் ஊசி என்றால் பரஸ்கீவாவின் கைதான். டாக்டர் கிரியாக்கைச் சிரிஞ்சைத் தொடவிட மாட்டார். "நீங்க எழுதுங்க டாக்டர். குத்துறது என் வேலை." அழலாமா என்று குழந்தை யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பார்.

அங்கே குழந்தையைச் சும்மா புகழ்ந்துவிட முடியாது. அழகு என்று சொன்ன வாயால் 'தூ தூ தூ' என்று துப்புவதுபோல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். எதற்கு வம்பு என்று பரஸ்கீவா எல்லாக் குழந்தைகளையும் திட்டியே வைப்பார். "யாரு இந்தக் குரங்கு? மூக்கப் பாரு, உருளைக்கிழங்கு!" பெற்றவளுக்கு மனம் குளிர்ந்துபோகும்.

மூன்று செவ்வாயாக ரமோனா மட்டும் வரவில்லை. அவளுடைய இளைய மகள் தெயோடோராவுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. பக்கத்து ஊரில் அம்மை வந்து இரண்டு பிள்ளைகள் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன.

"வேண்டாம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க சிஸ்டர். நம்ம கடமை முடிஞ்சுது," என்றார் டாக்டர்.

"காகிதத்தப் பாத்துட்டு அம்மை திரும்பிப் போயிடுமா டாக்டர்?"

மதியமே ரமோனாவின் வாசலில் போய் நின்றார். கதவைப் பாதி திறந்த ரமோனா, குழந்தையைத் தன் முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டாள்.

"ஊசிக்கு நான் பயப்படல அக்கா. உங்க கண்ணுக்குத்தான் பயப்படுறேன்."

மூத்தவனுக்கு ஊசி போட்ட அன்று, அவன் நீலக் கண்ணில் சொக்கிப்போய் பரஸ்கீவா "என்ன அழகுடா நீ!" என்றிருக்கிறார். அந்நேரம் பார்த்து டெலிபோன் அடிக்க, துப்ப மறந்து ஓடிவிட்டார். சாயங்காலமே பையனுக்குக் காய்ச்சல்.

"மூணு தீக்குச்சி கொளுத்தித் தண்ணியில போட்டுப் பாத்தேன். கண்ணு பட்டிருந்தாத்தான் மூழ்கும், மூணும் மூழ்கிடுச்சு. வேற என்ன சாட்சி வேணும்?"

ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சல் இருக்கும் என்று அன்று சீட்டில் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இதே ரமோனாவுக்கும் சின்ன வயதில் ஊசி போட்ட கை இது. அவள் வாயால் கொள்ளிக்கண் என்று கேட்க நெஞ்சு வலித்தது. அதற்குள் தெயோடோரா எட்டிப் பார்த்துச் சிரித்தது. பரஸ்கீவா சட்டென்று தரையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வா. நான் பாக்க மாட்டேன்."

"பாக்காம எப்படிப் போடுவீங்க?"

"நீ வாடி, சொல்றேன்."

மறுநாள் மருந்தைக் கலந்து, சிரிஞ்சில் ஏற்றி, காற்றுக் குமிழைச் சுண்டி வெளியேற்றி, டாக்டர் கையில் கொடுத்தார்.

"நானா? குழந்தைக்குப் போட்டு எத்தனையோ வருஷமாச்சே சிஸ்டர்!"

"தொடையோட வெளிப்பக்கம். தயங்காம ஒரே குத்து."

சொல்லிவிட்டு, புனிதர்கள் படம் போட்ட நாட்காட்டியைப் பார்த்தபடி சுவரோரம் போய் நின்றுகொண்டார். ரமோனா உள்ளே வந்ததும், நாற்காலியில் உட்கார்ந்ததும், குழந்தையின் கால்சட்டையைத் தளர்த்தியதும் அவர் காதில் விழுந்தன. டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரே குத்து, ஒரே குத்து" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். அந்த அறையில் முப்பத்தொரு வருடமாக எந்தக் குழந்தையும் அழாத அழுகையைத் தெயோடோரா அழுதது.

தானாகத் திரும்பப் போன தலையை, பரஸ்கீவா இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துச் சுவர்ப்பக்கமே நிறுத்திக்கொண்டார்.