கால் சுற்று போதும்

நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் பழைய ரேஸ் சைக்கிளில்தான் போய் வருவேன். அதன் சக்கரங்கள் துருப்பிடித்துப்போனதால் என் கணவர் டவுனிலிருந்து பாவித்த சக்கரங்கள் இரண்டை மலிவாக வாங்கி வந்தார். முன்சக்கரத்தில் மட்டும், சுழலும்போது ரிம் ஒரு பக்கம் சாயும் சிறு கோட்டம் இருந்தது.

அவர் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். அங்கே மிஷின் அதிர்வில் எதுவும் கழன்றுவிடாமலிருக்க, நட்டுகளை மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். அதே பழக்கத்தில் சக்கரத்தின் கம்பிகள் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, "இனி யானை ஏறினாலும் அசையாது புள்ள" என்றார்.

மறுநாள் காலை, எங்கள் வாசலிலிருந்தே தெரியும் ஆற்றுப் பாலத்துக்கு முந்திய இறக்கத்தில் 'டங்' என்று ஒரு கம்பி அறுந்தது. சக்கரம் கோணிப்போய் பிரேக்கில் சிக்க, நான் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். கையில் சிராய்ப்போடு தப்பினேன். இன்னும் பத்தடி போயிருந்தால் ஆற்றுப் பாறைதான்.

இருவரும் சக்கரத்தை டவுனுக்குக் கொண்டுபோனோம். சைக்கிள் கடைக்கார நானா சிரித்துவிட்டார். "எல்லாத்தையும் இறுக்கினா கோட்டம் போகாது தங்கச்சி. ரிம் சாயிற பக்கம் தளர்த்தி, மத்தப் பக்கம் இறுக்கோணும். ஒரு தடவைக்குக் கால் சுத்துதான்."

கணவர் அங்கேயே கம்பி இறுக்கும் சாவி ஒன்றை வாங்கி என் கையில் கொடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து நானே கோட்டம் எடுக்கிறேன். "இன்னுங் கொஞ்சம் இறுக்கட்டா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். "கால் சுத்து போதுங்க" என்று சாவியை மடியில் வைத்துக்கொள்வேன்.

அதற்கு மட்டும் அடங்கிவிடுகிறார். ஆனால் காலையில் நான் அந்தப் பாலத்தைத் தாண்டும்வரை வாசலை விட்டு நகர்வதில்லை.