பாரதியக்காவின் சிவப்புத் தட்டு

டீ நேரத்தில் பாரதியக்காவை எல்லாருக்கும் பிடிக்கும். டீ முடிந்து அக்கா தன் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டால் ஒருத்தருக்கும் பிடிக்காது. அந்த மேசையில் பச்சையில் ஒரு தட்டு, சிவப்பில் ஒரு தட்டு. பத்துப் பேர் முதுகு வலிக்கச் செய்த சாமானை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கூசாமல் சிவப்புத் தட்டில் போடுவதற்குத்தான் அக்காவுக்குச் சம்பளமே.

சாமான் என்றால் சர்க்யூட் பிரேக்கருக்குள்ளே இருக்கிற காண்டாக்ட். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு செம்புத் துண்டு. அதன் நுனியில் வெள்ளி கலந்த ஒரு வில்லை. இப்படி ரெண்டு வில்லை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை கரண்டு போகும். கரண்டு எல்லை மீறினால் ரெண்டும் பட்டென்று பிரிந்துவிட வேண்டும். தொடுவது சரியில்லை என்றால் அந்த இடம் சுடும். சுட்டால் உருகும். உருகினால் ரெண்டும் ஒட்டிக்கொண்டு, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் நிற்கும். அப்புறம் ஒயர் எரியும், மோட்டார் எரியும், பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளும்.

அதனால் அக்கா ஒவ்வொரு வில்லையையும் லென்ஸ் வைத்துப் பார்க்கும். கீறல், குழி, ஓரத்தில் பிசிறு ஏதாவது இருக்கிறதா என்று தேடும். பிறகு ரெண்டை ஜோடி சேர்த்து அழுத்தி, கரண்டு விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று மீட்டரில் பார்க்கும். எண் கோட்டுக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு. காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே கதைதான். இதில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். கழுத்து தானாகவே சொல்லிவிடும்.

சாயங்காலம் நல்லூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவதற்கு அக்கா கற்றுக்கொண்டிருந்தது. வீட்டில் இட்லியைத் தட்டில் போட்டால் அடியைத் திருப்பிப் பார்க்கும். "என்னை எந்தத் தட்டுல போடலாம்னு பாக்குற?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தது. அதில்தான் அந்த மனுசன் கொஞ்சம் பயந்துபோனார்.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. பேக்கிங். அட்டைப் பெட்டி, தெர்மாகோல், டேப்பு. தலைக்கு மேலே பெரிய ஃபேன். சீரியல் கதை பேசிக்கொண்டே ஒட்டலாம். யாரும் யாரையும் முறைக்க வேண்டியதில்லை. அங்கே இருந்த வெண்பா பிரசவத்துக்குப் போனதில் ஒரு இடம் காலி. முதலாளி ரகுராமே வாயால் சொல்லியிருந்தார்.

"இந்த லாட்டு மட்டும் ஒழுங்கா போவட்டும்க்கா. அடுத்த லாட்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் டைம் கெடைக்கும். காவியாவுக்கு இந்த மேசையைப் பழக்கிட்டு, திங்கக்கெழம நீங்க பேக்கிங் போயிடுங்க."

காவியா என்கிற புதுப்பெண்ணும் தலையை ஆட்டியது. அக்கா அன்றைக்கு பஸ்ஸில் தூங்கவே இல்லை.

நடுவில் ஆயுதபூசை வந்தது. மெசினைக் கழுவி, பட்டை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அக்கா போகும்போது, அடுத்து பார்க்க வேண்டிய லாட்டுச் சாமான் முழுவதையும் பெரிய தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடிவிட்டுப் போனது. கம்பெனி இருக்கிற செராமிக் எஸ்டேட்டில் எதையும் திறந்து வைக்க முடியாது. அக்கம்பக்கத்துப் பீங்கான் கம்பெனிகளிலிருந்து பறக்கிற மண் மாவு, மறுநாள் காலையில் எல்லாத்துக்கும் பவுடர் போட்டிருக்கும்.

லீவு முடிந்து வந்து துணியை விலக்கினால் கண் கூசியது. செம்பு அப்போதுதான் பிறந்த மாதிரி செக்கச்செவேல் என்று கிடந்தது. லென்ஸில் பார்த்தால் ஒரு கீறல் இல்லை. இத்தனை வருசத்தில் இவ்வளவு அழகான லாட்டை அக்கா பார்த்ததில்லை. திங்கட்கிழமை ஃபேன் காற்று இப்போதே பிடரியில் அடித்தது.

அக்கா முதல் ஜோடியை அழுத்திக் கரண்டு விட்டது. எண் கோட்டைத் தாண்டியது.

அடுத்த ஜோடி. அதுவும் தாண்டியது. மீட்டருக்குப் பொரி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அக்கா ஒயரைக் கழற்றி மாட்டியது. சரிபார்ப்பதற்கென்றே டிராயரில் ஒரு பழைய நல்ல ஜோடி இருக்கும். அதை வைத்துப் பார்த்தது. மீட்டர் சரியாகத்தான் காட்டியது. திரும்பவும் புது ஜோடி. தாண்டியது. சிவப்புத் தட்டு நிரம்ப ஆரம்பித்தது.

அக்கா ஒன்றை எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனது. எலுமிச்சம்பழ வாசனை. லென்ஸை வைத்து, வில்லையும் செம்பும் சேருகிற இடுக்கில் பார்த்தது. மயிரிழை மாதிரி ஒரு சிவப்பு. குங்குமம்.

நிமிர்ந்தால், எதிரே பிரெஸ் மெசினில் கலியமூர்த்தி அண்ணன். நெற்றி நிறைய திருநீறோடு, சமையலை ருசி பார்ப்பவர் முகத்தையே பார்க்கிற மாதிரி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடிம்மா? பளபளன்னு இருக்குதுல்ல?"

"இங்க வாங்கண்ணே. இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"போன வருசம் உன் மேசைய மட்டும் உட்டுட்டோம். வருசம் பூரா நீ செவப்புலயே போட்டுக்கினு இருந்த. அதான் இந்த வருசம் நீ போனப்புறம் ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் கொழைச்சு, குங்குமம் வெச்சேன்."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒண்ணையும் உடல," என்றார் அண்ணன் பெருமையாக. "அப்புறம் நீ வந்து திட்டுவியேன்னு, காலையில சீக்கிரமா வந்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சி, தொடைச்சும் வெச்சிட்டேன். எங்க வூட்டுல குத்துவெளக்க அப்பிடித்தான் தேப்பாங்க."

"குத்துவெளக்குல கரண்டா போவுது?"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. வில்லையில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடி ஓட்டை இருக்கும். சந்தனமும் சாறும் அதற்குள் போய்க் காய்ந்துவிட்டன. மேலே பார்த்தால் மாப்பிள்ளை, உள்ளே பார்த்தால் மண்டை வலி.

ரகுராம் போனைக் காதில் வைத்தபடியே வந்தார். மத்தியானம் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. ஒரு காண்டாக்டை எடுத்து லென்ஸில் பார்த்தார்.

"சூப்பரா இருக்குதேக்கா. அப்புறம் ஏன் செவப்புல போட்டிருக்கீங்க?"

அக்கா மீட்டரைக் காட்டியது. ரகுராம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தெரியும். தெரிந்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"கொஞ்சம்தானக்கா தாண்டுது. ஓட ஓட சரியாயிடும்ல?"

அக்கா மீட்டரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தது.

"நீங்க ஓகே போட்டீங்கன்னா நான் அனுப்பிடறேன்," என்றார். பாரத்தைத் தூக்கி அக்கா மடியில் வைத்துவிட்டார்.

அக்கா கையில் ஒரு ஜோடி இருந்தது. கை பச்சைத் தட்டுக்கு மேலே போய் நின்றது. அங்கிருந்து பார்த்தால் பேக்கிங் தெரிந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டூல் காலியாக இருந்தது. விரலைத் திறந்தால் போதும், திங்கட்கிழமை வந்துவிடும். அக்காவுக்கு அப்போது பெரிய எண்ணமெல்லாம் ஒன்றும் ஓடவில்லை. நாளைக்கு எங்கேயோ ஒரு ரைஸ் மில்லில் யாரோ ஒருத்தர் இதை நம்பி சுவிட்சில் கை வைப்பார் என்பது மட்டும் ஓடியது. முகம் தெரியாத அந்த ஆள் மேல்கூட அக்காவுக்கு எரிச்சலாகத்தான் வந்தது.

ஜோடி சிவப்புத் தட்டில் விழுந்தது.

"இது போவாது சார்."

"இப்பிடி எப்பிடிக்கா ஆச்சு?"

பிரெஸ் மெசின் சத்தம் நின்றது. கலியமூர்த்தி அண்ணன் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"தெரியல சார். தூசா இருக்கும். கழுவிப் பாக்கறேன்," என்றது அக்கா.

ரகுராம் விரலை மோந்து பார்த்தார். அண்ணன் நெற்றியைப் பார்த்தார். போனை எடுத்து, இன்றைக்கு வண்டி வர வேண்டாம் என்று சொன்னார். ரெண்டடி போய்த் திரும்பினார்.

"அப்ப காவியாவையே பேக்கிங்குக்கு அனுப்பிடறேன்க்கா. இது முடியறதுக்குள்ள அடுத்த லாட்டு வந்துடும். புதுசா ஆளைப் பழக்க முடியாது. நீங்க அப்புறமா பாத்துக்கலாம்."

"சரிங்க சார்."

அப்புறமாதான் பார்த்துக்கொண்டிருக்கிறது அக்கா, இந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து.

ஸ்பிரிட்டை ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, சூட்டில் உலர வைக்க வேண்டும். சோறு தின்றுவிட்டுக் கலியமூர்த்தி அண்ணனும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு பேருமாகத் தேய்த்தார்கள்.

"நான் போயி சொல்லிடறேம்மா."

"என்னன்னு?"

"நான்தான்னு."

"சொன்னா எனக்குப் பேக்கிங் குடுத்துடுவாங்களா? பேசாம தேயிங்க. இடுக்குல உடுறீங்க பாருங்க."

அண்ணன் இடுக்கைத் தேய்த்தார்.

"கோவமா?"

"கோவப்படறதுக்குத் தெம்பு வேணும்ணே."

உலர்ந்த முதல் ஜோடியை அக்கா வைத்து அழுத்தியது. எண் ஏறியது, தயங்கியது, கோட்டுக்குள்ளேயே நின்றது. அக்கா அதைப் பச்சைத் தட்டில் போட்டது. சந்தோசம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தது. வரவில்லை. ஆனால் முதுகு கொஞ்சம் நாற்காலியில் சாய்ந்தது.

கலியமூர்த்தி அண்ணன் கண்ணை மூடி, நெற்றித் திருநீறைத் தொட்டு, ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, பக்தியோடு அடுத்த காண்டாக்டை எடுக்கக் கை நீட்டினார்.

"அண்ணே! தொடாதீங்க!" அக்கா அவர் கையைத் தட்டிவிட்டது. "போங்க. போயி சோப்பு போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க."

அண்ணன் எழுந்து குழாயடிக்குப் போனார். அவர் நிஜமாகவே சோப்பு போடுகிறாரா என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தது.