குங்குமம் பட்ட சர்க்கியூட்

அந்தக் காலத்தில் எனக்கு வேலை கிள்ளானில், துறைமுகச் சரக்குகளுக்கு ஃபாரம் எழுதும் ஆபீஸ் ஒன்றில். வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், இரண்டு அறை ஃபிளாட். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். மாலை ரயிலை நான் தவறவிட்ட நாட்களுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான்: கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய புத்தகக் கடை.

வாசலில் பள்ளிப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். உள்ளே கடைசி மூலையில், தரையோடு தரையாக, எனக்கான சரக்கு கிடக்கும்: வால்வு ஆம்ப்ளிஃபையர் புத்தகங்கள். வால்வு என்றால் பழைய ரேடியோப் பெட்டிக்குள் மினுக்மினுக்கென்று எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். எண்பதுகளின் தொடக்கம் அது. வீட்டுக்கு வீடு ஜப்பான் செட் வந்துவிட்டதால் வால்வை யாரும் சீந்தவில்லை. ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர்கள் விட்டுப்போனதும், காலேஜ் லைப்ரரிகள் கழித்துக்கட்டியதும் அந்த மூலைக்கு வந்து சேரும்.

"இதை வாங்க நீங்க ஒரு ஆளுதான் தம்பி," என்பார் கடைக்காரர். "நீங்களும் வரலைன்னா கச்சாங் பூத்தே மடிக்கத்தான் கொடுக்கணும் லா."

சர்க்கியூட் படம் போட்ட தாளில் கடலை மடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

இப்படிச் சேர்ந்தவை முப்பத்தேழு. வேட்டிக் கரை மாதிரி பென்சிலால் ஓரமெல்லாம் கோடு போட்டுப் படித்தேன். ரயிலில் படித்தேன், சாப்பிடும்போது படித்தேன். ஆனால் ஆம்ப்ளிஃபையர் ஒன்றுகூடச் செய்ததில்லை. பதினோரு வருஷமாக மற்றவர்கள் சரக்குக்கு ஃபாரம் எழுதியவன் நான். என் கையால் செய்து முடித்தது என்று காட்ட ஒரு பொருளும் கிடையாது.

என் மனைவி தமிழ்ப்பள்ளி டீச்சர். அப்போது ஐந்து மாதம். தொட்டில் ஸ்டாண்டு வைக்க இடம் வேண்டும், அந்தப் புத்தக அலமாரியைக் கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்று கேட்டாள். நான் முணுமுணுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "முப்பத்தேழு சமையல் புத்தகம் இருக்கிற வீட்டுல ஒருநாள்கூட உலை வைக்கலையேங்க" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உண்மையைச் சொல்லிவிட்டால் இன்னும் சீக்கிரமாக வரும். "தீபாவளிக்குள்ள ஒண்ணு செஞ்சு பாட வைக்கிறேன். பாடலைன்னா அத்தனையும் பேப்பர் லாமாகாரனுக்குப் போட்டுடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பேப்பர் லாமா என்றால் லோரியில் வந்து பழைய பேப்பரை எடைக்கு எடுக்கிற ஆள்.

"நான் அப்படிச் சொல்லலையே," என்றாள்.

"நான் சொல்றேன்."

சாமான்கள் ஏற்கெனவே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்திருந்தேன். அவற்றில் உயிரானது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். வால்விலிருந்து வருவதை ஸ்பீக்கர் தாங்கும்படி மாற்றிக் கொடுப்பது அதுதான். ஒரு பழைய தியேட்டரில் கழற்றிப் போட்ட ஆம்ப்ளிஃபையரிலிருந்து எடுத்தது. தேங்காய் அளவுதான் இருக்கும், தூக்கினால் கை இறங்கும். அதுபோல் இன்னொன்றுக்கு நான் எங்கேயும் போக முடியாது.

சரஸ்வதி பூஜையன்று மனைவி தன் வகுப்புப் புத்தகங்களோடு என் புத்தகங்களையும் சாமி அலமாரியின் முன் அடுக்கினாள். அன்று எதையும் எடுத்துப் படிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமி, எதையும் தொடங்க நல்ல நாள். எனக்கு வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே போட்டோஸ்டாட் கடைக்குப் போய், பக்க எண்ணைச் சொல்லி நீட்டினேன். நல்ல புத்தகத்தின் மேல் பற்றவைக்கிற சால்டர் ஈயம் சொட்டுவதை நான் பொறுக்கமாட்டேன். அதனால் நகலை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு, புத்தகத்தைப் பத்திரமாகத் திரும்ப வைத்தேன்.

எட்டு சாயங்காலம் வேலை நடந்தது. ஒன்பதாவது நாள் சுவிட்சைப் போட்டேன். ஃபியூஸ் போனது. வேறு ஃபியூஸ் போட்டேன், அதுவும் போனது. நிதானமாக இருக்கிறவன் அங்கே நிறுத்தி யோசிப்பான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடிமனான கம்பி ஒன்றை முறுக்கிப் போட்டேன். வால்வுக்குள் தகடு பழுக்கச் சிவந்தது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து புகை வந்தது. அந்தக் கருகல் வாடை இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

மறுநாள் புத்தகத்தைத் திறந்து, படத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சர்க்கியூட் படத்தில் இரண்டு கோடுகள் சும்மா குறுக்கே போனால் ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம். குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். நகலில் ஓரிடத்தில் கறுப்புப் புள்ளி. புத்தகத்தில் அதே இடத்தில் இருந்தது குங்குமம். போட்டோஸ்டாட் மெஷினுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். முந்நூறு வோல்ட் ஓடும் கம்பியை, அது தொடவே கூடாத வால்வுக் காலோடு நான் அழகாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

"யாரைக் கேட்டு உள்ள பொட்டு வச்ச?" என்று கத்தினேன்.

"அட்டையிலதான் வச்சேன். அந்தப் புத்தகம் தானா அந்தப் பக்கத்துல திறந்துக்கிச்சு. நீங்க ரொம்பப் பார்க்கிற பக்கம்போலன்னு அங்கயும் ஒண்ணு வச்சேங்க."

அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. படித்தவள்தானே, டீச்சர்தானே என்றெல்லாம் பேசினேன். அவள் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வடிந்ததும் ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவை புரிந்துகொண்டு பார்த்திருந்தாலும், இந்த இரண்டு கம்பியும் சேர வழியே இல்லை என்று கை தானாக நின்றிருக்கும். நான் படிக்கவில்லை, பாராயணம் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தப்பு பொட்டு மேல இல்ல. எனக்குத்தான் ஒண்ணும் புரியல. உன்னைப் பேசினது பெரிய தப்பு" என்றேன்.

"என் வகுப்புலயும் நாலு பேரு இருக்காங்க," என்றாள், சிவப்புப் பேனாவை நிறுத்தாமல். "கணக்கை மனப்பாடம் பண்ணிட்டு வந்து இப்படித்தான் முழிப்பாங்க." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அந்த டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்பக் கட்ட முடியாதா? முப்பத்தேழு புத்தகத்துல ஒண்ணுகூடவா சொல்லல?"

சொல்லியிருந்தது. முழுக்கக் கணக்காக இருந்ததால் நான் எப்போதும் புரட்டித் தள்ளிய அத்தியாயம் ஒன்று இருந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கணக்குப் புரியாத இடத்தில் அவளைக் கேட்டேன். இரும்புத் தகடுகளைக் கழற்றி, கருகிய கம்பியை உரித்தெடுத்து, முடியைப்போல மெல்லிய புதுச் செம்புக் கம்பியைச் சுற்ற வேண்டும். மூவாயிரத்து இருநூறு சுற்று, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே காகிதம். கைப்பிடி வைத்த ஓர் அச்சை மேஜையில் பொருத்தி நான் சுற்றினேன். எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் அவளே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். நூறுக்கு ஒரு கோடு, நோட்டில். இரண்டு முறை கம்பி அறுந்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆனாலும் அந்தச் சாயங்காலங்களைப்போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

தீபாவளி வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் முடியவில்லை. வந்த விருந்தாளி ஒருவர் துணி போர்த்திய ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து மீன் தொட்டியா என்று கேட்டார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன்.

அடுத்த ஞாயிறு காலை பேப்பர் லாமா லோரி வந்தது. அதன் மேலே ஒரு ஸ்பீக்கர். கொரகொரவென்று, கேட்கவே முடியாத சத்தம். சொன்னது சொன்னதுதான் என்று நான் புத்தகங்களை ராஃபியாக் கயிற்றால் கட்டுக்கட்டாகக் கட்டினேன். வீம்பு பாதி. மீதிப் பாதியை எப்படிச் சொல்வது? தோற்றுப்போனவன் மரியாதையாகவாவது தோற்க வேண்டும் என்று நினைத்தேன். முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். வயிறு ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். "இன்னும் ஆயிரத்து நூத்தி நாப்பது சுத்து பாக்கி இருக்கு. வந்து உக்காருங்க."

"தீபாவளிக்குள்ளன்னு சொன்னேன்ல."

"சொன்னது நீங்க. எண்ணுறது நான்," என்றாள். லோரி கொரகொரத்துக்கொண்டே தெருமுனை திரும்பிப் போய்விட்டது. நான் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன்.

பத்து நாள் கழித்து அது பாடியது. பாடியது என்பதும் சரியில்லை. ரேடியோவை இணைத்தபோது தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் லேசான இரைச்சல் ஒன்றும் இருந்தது, அதை நான் கடைசிவரை சரிசெய்யவில்லை. மழை பெய்யும் என்று யாரோ வாசித்தார்கள். வாசிக்கிறவர் எங்கள் அறையில் நின்று மூச்சு விடுவதுபோல இருந்தது. நான் அழுதேன். அவள் செய்தி முடியும்வரை கேட்டுவிட்டு, அலமாரியைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள். தள்ளியதும் தொட்டிலுக்கு இடம் வந்தது.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூஜை. மகள் என் தோளில். மனைவி எல்லாப் புத்தகங்களின் அட்டையிலும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, அந்தப் புத்தகத்தை மட்டும் விரித்தாள். அதே பக்கம். பழைய குங்குமம் மங்கி அங்கேயே இருந்தது. அவள் விரல் நுனியில் குங்குமத்தோடு ஒரு கோட்டைப் பிடித்து மெதுவாக நகர்த்திப் போய், இன்னொரு கோடு வந்து சேரும் கறுப்புப் புள்ளியில் நிறுத்தினாள்.

"இங்கதானே ரெண்டும் உண்மையாச் சேருது?" என்றாள்.

ஆமாம், அங்கேதான் என்றேன். அவள் அதன் மேலேயே பொட்டு வைத்தாள்.