தமிழில் வராத பந்தி

ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் சிங்களத்தில் எழுதிய சுயசரிதையைத் தமிழுக்குப் பெயர்க்கும் வேலை போன வருடம் எனக்கு வந்தது. கல்முனைக்குடியில் சிங்களம் எழுதப் படிக்கத் தெரிந்த பழைய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கொழும்புப் பதிப்பாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பார்சலைப் பிரித்து அட்டைப் படத்தைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டுகொண்டேன்.

முப்பது வருடங்களுக்கு மேல் இருக்கும். அப்போது அவர் எங்கள் பக்கத்து வீதித் தடை ஒன்றுக்குப் பொறுப்பாக வந்த இளம் லெப்டினன்ட். நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர். வாப்பா பதுளையில் கடை வைத்திருந்ததால் எனக்குச் சிங்களம் சரளமாக வரும். பாடசாலைக்குப் போகும்போது என் சைக்கிளை மறித்து, "மாஸ்டர், கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்பார். மறுக்க முடியாது. முதல் மணி அடிக்கும்வரை நின்று, வருபவர்கள் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்வேன்.

புத்தகம் நன்றாகத்தான் இருந்தது. மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் தபால்காரரின் மகனாகப் பிறந்திருக்கிறார். வடக்கில் மிதிவெடியில் இரண்டு விரல்களை இழந்திருக்கிறார். இறந்துபோன தன் சிப்பாய்களின் வீடுகளுக்குத் தானே போய்ச் செய்தி சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு வீட்டில் தாய் ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியதை எழுதியிருந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். வெறுத்துவிட்டுப் போகக்கூடிய மனிதராக அவர் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்காம் அத்தியாயத்தில் எங்கள் ஊர் வந்தது. காட்டிலிருந்த ஆயுத இயக்கக்காரருக்கு உணவு கொண்டுபோன ஒருவனை வீதித் தடையில் பிடித்ததாகவும், உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் அதை உறுதிப்படுத்தியதாகவும், அதுவே தனக்கு முதல் பாராட்டுக் கடிதத்தை வாங்கித் தந்ததாகவும் ஐந்தாறு வரியில் ஒரு பந்தி. அந்த உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

பிடிபட்டவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் வயல் செய்யும் கமக்காரர். சைக்கிளில் ஒரு பை. அதில் தாமரை இலையில் கட்டிய இரண்டு சோற்றுப் பொட்டலம். எங்கே போகிறாய் என்று லெப்டினன்ட் கேட்டார்.

"எங்கட பொடியன்மாருக்குச் சோறு கொண்டு போறன், சேர்" என்றார் அவர்.

பொடியன்மார் என்றால் வீட்டுப் பிள்ளைகள். அந்த வருடங்களில் இயக்கக்காரரையும் அப்படித்தான் சொன்னார்கள். பையில் இருந்தது இரண்டே பொட்டலம்; இவர் சொன்னது வயலில் நிற்கும் தன் மக்களை என்பது எனக்கு விளங்கியது. சிங்களத்தில் 'புத்தாலா', அதாவது மகன்மார், என்று சொல்லியிருக்கலாம். நான் 'கொல்லோ' என்றேன்; பையன்கள் என்ற அந்தச் சொல் இயக்கக்காரருக்கும் பொருந்தும். "எந்தக் கொல்லோ?" என்று லெப்டினன்ட் என்னைத்தான் கேட்டார். "அப்படித்தான் சொல்கிறார்" என்றேன். கமக்காரரை ட்ரக்கில் ஏற்றினார்கள். பாடசாலை மணி அடித்தது. நான் போய் வகுப்பெடுத்தேன்.

பயம் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் அந்த மாதம் எங்கள் மையவாடியில் புதுக் கப்றுகள் இருந்தன. இயக்கக்காரர் சுட்டுக் கொன்ற எங்கள் முஸ்லிம் ஆட்களை அடக்கிய கப்றுகள். என் உம்மாவின் தம்பியும் அதில் ஒருவர். பயம் மட்டும்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பதிப்பாளரிடம் இலக்கம் வாங்கி ஜெனரலுக்குத் தொலைபேசி எடுத்தேன். குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார்.

"மாஸ்டர்! உயிரோடு இருக்கிறீர்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அந்தச் சோறு காட்டுக்குப் போகவில்லை, வயலுக்குப் போனது என்றேன்.

"நீங்கள் அன்றைக்குக் கொல்லோ என்றுதானே சொன்னீர்கள்? புத்தாலா என்ற சொல் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்படியென்றால் என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். கோபமாக இல்லை, களைப்பாக. பிறகு சொன்னார்: "அந்தக் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார். என்னைப் பற்றி அவர் கேட்ட ஒரே நல்ல செய்தி அதுதான், மாஸ்டர்."

அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகை வைத்துவிட்டாள். "இவ்வளவு காலமும் வாயத் தொறக்கல்லியே நீங்க. அல்லாஹ்வுக்காக அந்த மனிசன்ட வீட்ட போங்க முதல்ல."

போனேன். ஐந்து நிமிட மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு முப்பது வருடம் எடுத்திருக்கிறது. கமக்காரர் இறந்து ஆறு வருடமாகிவிட்டதாம். மூத்த மகன் இருந்தார், ஐம்பதை நெருங்கிய ஆள். அந்தச் சோற்றுக்காகக் காத்திருந்த இரண்டு பேரில் ஒருவர்.

"பதினொரு மாசத்தால விட்டவங்க, சேர். ஒரு காது கேக்காம வந்தார். அதுக்குப் பிறகு வயல் வட்டைக்குப் போகல்ல. நானும் தம்பியும் படிப்ப விட்டுட்டு விதைச்சம்."

நான் யார், அன்று என்ன சொன்னேன் என்று சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புத்தகத்தில அப்பாட பேர் இரிக்கா?"

"இல்ல. ஒருத்தன் எண்டுதான் இரிக்கி."

"மெய்யா நடந்தத எழுதுவீங்களா?"

"ஓம்" என்றேன்.

பந்தியை உள்ளபடி மொழிபெயர்த்து, அடியில் நான்கு வரிக் குறிப்பு எழுதினேன். அன்று மொழிபெயர்த்தவன் நான், பிடிபட்டவர் சொன்னது தன் மக்களை, நான் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை, அவர் நிரபராதி. பதிப்பாளர் அதை ஜெனரலுக்கு அனுப்பினார். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. குறிப்பு வேண்டாம், அந்தப் பந்தியே தமிழில் வேண்டாம். என் பெயரைப் போட வேண்டாம் என்று நான் எழுதினேன். அதற்கு உடனே சம்மதித்தார்கள்.

தமிழ்ப் புத்தகம் மூன்று மாதத்துக்கு முன்பு வந்தது. நான்காம் அத்தியாயத்தில் எங்கள் கடல், எங்கள் வெயில், தேநீர் கொடுத்து உபசரித்த எங்கள் சனங்கள் எல்லாம் இருக்கின்றன. சிங்களத்தில் அந்தப் பந்தி அப்படியே இருக்கிறது.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மகன் புத்தகத்தை வாங்கவில்லை. வாசலில் நின்றபடியே, "அப்ப தமிழில எங்கட அப்பாவ ஒருத்தரும் பிடிக்கவே இல்ல, என்ன சேர்?" என்று கேட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து தேநீர் குடிக்கச் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் போகவில்லை.